குரலை மீட்கும் நரம்புத் தையல்

தைராய்டு அறுவை நல்லபடி முடிந்து, புண்ணும் ஆறி, வீடு திரும்பியவர் சிலர்க்குக் குரல் மட்டும் உடன் திரும்புவதில்லை. காற்றுக் கலந்த மெல்லோசையாக, அடுத்த அறைக்கும் எட்டாததாக அது நின்றுவிடுகிறது. 'உயிர் பிழைத்ததே பெரிது. குரல் போனால் போகட்டும்' என்று நம் குடும்பங்களில் அதனைப் பொறுத்துக்கொள்கின்றனர். பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதையும், அவ்வாறு பொறுத்திருக்கும் காலத்திலேயே மருத்துவத்திற்கு உரிய காலம் கழிந்துவிடுகிறது என்பதையும் இத்திங்கள் இப்பகுதியில் எடுத்துரைக்க விழைகிறோம்.

தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை ஆகிய மலை வட்டங்களிலும், பாலக்காட்டுக் கிழக்கெல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் போன்ற ஊர்களிலும் வாழும் நம் மக்களுக்குக் குரல் என்பது அழகுப் பொருளன்று, தொழிற்கருவி. தேயிலைச் சரிவின் மேல் வரிசையில் நிற்பவள் கீழ் வரிசையில் இருப்பவளைக் கூப்பிட வேண்டும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்திற்கு வரும் பெண்கள், மாலையில் ஒருவரையொருவர் கூவி அழைத்துத்தான் ஒன்று சேர்கின்றனர். சந்தையில் காய்கறி விற்பவர், தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியை, பஸ்ஸில் சீட்டுக் கிழிப்பவர் ஆகியோர்க்குக் குரல் இன்றேல் பிழைப்பு இல்லை. பிழைப்பை விட்டாலும், மலைக்கு அப்பால் இருக்கும் தாயோடும் தமக்கையோடும் பேச இருக்கும் ஒரே வழி தொலைபேசி. காற்றுக் குரல் தொலைபேசியில் ஏறுவதே இல்லை.

நரம்பு என்னும் சொல்லைப் பற்றி முதலில் ஒன்று கூறிவிடுதல் நன்று. நம் பேச்சு வழக்கில் குருதிக் குழாயையும் நரம்பு என்கிறோம். கையில் ஊசி போடும்போது 'நரம்பு கிடைக்கவில்லை' என்கிறோம். மலையாள வழக்கும் ஏறக்குறைய இவ்வாறே. ஆதலால் 'கழுத்தில் நரம்பு பழுதுபட்டது' என்று டாக்டர் சொன்னவுடன், குருதி எங்கோ கசிந்துவிட்டதாகப் பலர் எண்ணிக் கலங்குகின்றனர். ஈண்டு நாம் பேசும் நரம்பில் குருதி ஓடுவதில்லை. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்லும் கம்பி போன்றது அது.

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் உள்ளன. மூச்சு விடும்போது அவை விலகி நிற்கும். பேசும்போது நெருங்கிச் சேர்ந்து அதிரும். இவற்றை அசைக்கும் நரம்பு செல்லும் வழி விந்தையானது. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் என்னும் பெருநரம்போடு அது குரல்வளையைத் தாண்டி மார்புவரை போய், இடப்புறத்தில் இதயத்திலிருந்து எழும் பெருந்தமனியையும், வலப்புறத்தில் கைக்குச் செல்லும் தமனியையும் சுற்றிக்கொண்டு, மீண்டும் மேலே ஏறி வருகிறது. போடியிலிருந்து மூணாற்றுக்குப் புறப்பட்டவர் மதுரையைச் சுற்றிக்கொண்டு போவது போலும் இது. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே நரம்பு இதே வழியில்தான் போகிறது. அதன் நீண்ட கழுத்தில் இந்த நரம்பு இறங்கி ஏறும் தொலைவை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். திரும்பி வரும் இயல்பு பற்றி இதனை மீள்குரல்வளை நரம்பு என்பர். இஃது ஏறி வரும் பாதை தைராய்டுச் சுரப்பியின் முதுகோடு ஒட்டியது. தடித்த நூலளவே உள்ள அந்த நரம்பைச் சுரப்பியினின்று பிரித்து விலக்குவதே தைராய்டு அறுவையின் நுட்பமான பகுதி.

இந்நரம்பின் தொழிலை உலகம் அறிந்து ஏறக்குறைய 1,800 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாம் நூற்றாண்டில் உரோம நகரில் வாழ்ந்த காலென் என்னும் மருத்துவர், அவையோர் முன்னிலையில் ஒரு பன்றியைக் கட்டி வைத்து, அது வீறிட்டுக்கொண்டிருக்கையில் இந்த நரம்புகளை நூலால் கட்டினார். பன்றி துடித்தது, ஓசை மட்டும் நின்றுவிட்டது. பேச்சு இதயத்திலிருந்து பிறக்கிறது என்று எண்ணியிருந்தோர்க்கு அது பேரதிர்ச்சியாக இருந்தது. கழுத்துக் கட்டிகளை அறியாமையால் கிள்ளி எடுத்த ஒரு மருத்துவரால் ஒரு சிறுவன் பாதி ஊமையான செய்தியையும் காலென் எழுதி வைத்துள்ளார். இன்று நாம் பேசும் துன்பம் அத்துணைப் பழமையானது.

தைராய்டு அறுவை உயிருக்கு அஞ்சாமல் செய்யத்தக்கதாக ஆனது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து தியோடர் கோக்கர் இறப்பை நூற்றுக்கு ஒருவர்க்கும் குறைவாக்கினார். 1909-ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். உயிர் காப்பாற்றப்பட்ட பின்னரே குரலைப் பற்றிய கவலை எழுந்தது. நரம்பின் பக்கமே போகாமல் இருப்பதுதான் அதற்குக் காப்பு என்று அறுவை மருத்துவர் பலர் நெடுநாள் நம்பினர். பாஸ்டன் நகரத்து ஃபிராங்க் லேஹி 1938-இல் இதனை மறுத்தார். ஒவ்வோர் அறுவையிலும் நரம்பைத் தேடிக் கண்டு, கண் முன்னே வைத்துக்கொண்டு வேலை செய்வதே காப்பு என்று காட்டினார். காணாததைக் காப்பது எவ்வாறு என்னும் எளிய அறிவுதான் இது. எனினும் அது வழக்கமாவதற்கு ஒருவர் துணிந்து எழுத வேண்டியிருந்தது. இன்று மூச்சுக் குழாயிலேயே மின்கம்பி பொருத்தி, நரம்பைத் தொட்டால் ஒலியெழுப்பும் கருவியும் பெரிய மருத்துவமனைகளில் உண்டு.

இவ்வளவு செய்தும் பழுது முற்றும் ஒழியவில்லை. ஏறத்தாழ 25,000 நோயாளரைப் பற்றிய பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, தைராய்டு அறுவைக்குப் பின் குரல் நாண் சில காலம் அசையாதிருந்தது நூற்றுக்குப் பத்துப்பேர் அளவினர்க்கு. நிலையாகவே அசையாமற் போனது நூற்றுக்கு இரண்டுபேர் அளவினர்க்கு. இக்கணக்கைக் கண்டு அறுவைக்கு அஞ்சுதல் கூடாது. புற்றுநோய்க் கட்டியையோ, மூச்சை நெருக்கும் கழலையையோ வைத்துக்கொண்டு வாழ்வதில் உள்ள இடர் இதனினும் பெரிது. மேலும், தைராய்டுக் கோளாறு உடையோரிற் பெரும்பாலோர்க்கு அறுவையே தேவையில்லை. நாள்தோறும் ஒரு மாத்திரை போதும்.

நாண் அசையாமை என்றவுடன் நரம்பு அறுந்துவிட்டதென்று முடிவு கட்டலாகாது. சுரப்பியைத் தூக்கும்போது நரம்பு இழுபட்டிருக்கலாம், மின்சூடு பட்டிருக்கலாம், சுற்றியுள்ள வீக்கத்தில் நெருங்கியிருக்கலாம். இவை பெரும்பாலும் சில வாரங்களிலோ ஆறு திங்களுக்குள்ளோ தாமே சீராகும். மயக்க மருந்தின்போது இட்ட குழாய் உரசியதால் வந்த கம்மல் சில நாளில் மாறிவிடும். வேறொரு நரம்பும் உண்டு. குரல்வளைக்கு மேலிருந்து வரும் அது பழுதுபட்டால் பேச்சு கெடாது; உச்சக் குரல் எழாது. இத்தாலியப் பாடகி அமெலிட்டா கல்லி-குர்ச்சி 1935-இல் தைராய்டு அறுவை செய்துகொண்ட பின் அவர் குரல் சரிந்தது இதனால்தான் என்று மருத்துவ நூல்களில் நெடுங்காலம் எழுதி வந்தனர். பிற்கால ஆய்வாளர் அதனை ஐயுற்றனர்; அவர் குரல் அதற்கு முன்பே தளரத் தொடங்கியிருந்தது என்பது அவர் கருத்து.

ஒரு நாண் அசையாதபோது தோன்றும் குறிகள் தெளிவானவை. குரலில் காற்றுக் கலக்கும். ஒரு வாக்கியம் முடியுமுன் மூச்சு முடிந்துவிடும். மாலையில் பேச்சே ஆயாசமாகும். தண்ணீர் குடித்தால் புரையேறும். இருமினால் இருமலில் வலு இராது. வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை நிறைய இழுத்து, 'ஆ' என்று ஒரே ஓசையாக நீட்டி, கடிகாரத்தைப் பார்த்து வினாடிகளை எண்ணுக. நலமுடைய பெரியவர் 15 வினாடியோ அதற்கு மேலுமோ நீட்டுவர். நாண் செயலற்றவர்க்குப் பெரும்பாலும் 10 வினாடிக்குள் ஓசை அற்றுவிடும். சிலர்க்கு 5 வினாடியே பெரிது. இதனைக் கொண்டு நோயை முடிவு செய்யலாகாது. டாக்டரிடம் போக வேண்டுமா என்பதை முடிவு செய்யலாம். இரு நாண்களும் அசையாதுபோனால் நிலைமை முற்றும் வேறு. குரல் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும். மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் கீச்சென்ற ஓசை எழும். அத்தகையவரை ஒரு நாழிகையும் தாமதியாமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அறுவை முடிந்து இரண்டு வாரம் கழிந்தும் குரல் தெளியவில்லையெனில், இரண்டு திங்களுக்குள் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் சென்று குரல் நாணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கு வழியே மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்திப் பார்ப்பார்கள், சில நிமிட வேலைதான், வலி மிகாது. நாண் அசையவில்லை என்று தெரிந்தால், அதுவே மீளுமா என்று சில திங்கள் பொறுத்துப் பார்ப்பர். தேவையானால் தொண்டைத் தசையில் மின்னோட்டத்தை அளந்தும் பார்ப்பர். இக்காலத்தில் நோயாளி வாளா இருக்க வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சி உண்டு. சில திங்களில் கரைந்துவிடும் மருந்துப் பசையை ஊசியால் நாணில் ஏற்றி, அதனைப் பருக்கச் செய்து, குரலைத் தற்காலிகமாகத் தூக்கி நிறுத்தவும் இயலும்.

இனி நரம்புத் தையலுக்கு வருவோம். அறுந்த மீள்குரல்வளை நரம்பைத் தைத்த செய்தியை அமெரிக்க மருத்துவர் ஷெல்டன் ஹார்ஸ்லி 1910-இல் வெளியிட்டார். அறுந்த கம்பியை முறுக்கிவிட்டால் விளக்கு எரிவது போல், தைத்துவிட்டால் நாண் முன்போல் அசையும் என்று பின்வந்தோர் எதிர்பார்த்தனர். தைத்தனர், நாண் அசையவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. இந்த ஒரே நரம்புக்குள் நாணை மூடும் இழைகளும் திறக்கும் இழைகளும் கலந்து கிடக்கின்றன. வெட்டுப்பட்ட இழைகள் வளரும்போது தத்தம் பழைய தசையைத் தேடிச் செல்வதில்லை. மூட வேண்டிய இழை திறக்கும் தசையில் போய்ச் சேர்கிறது. திறக்க வேண்டியது மூடும் தசைக்குப் போகிறது. கட்டளை வந்தவுடன் இரண்டும் ஒருங்கே இழுக்க, நாண் நடுவில் நின்றுவிடுகிறது.

இதனைக் கேட்டு, அப்படியாயின் தையலால் பயன் என்ன என்று வாசகர் வினவுவர். நாண் அசையாவிட்டாலும் குரல் நன்றாகிவிடுகிறது என்பதே இதில் வியப்பு. நரம்பில்லாத தசை நாளடைவில் சூம்பும். நாண் மெலிந்து வளைந்து, எதிர் நாணோடு சேராமல் இடைவெளி விடும். அவ்விடைவெளியில்தான் காற்று ஒழுகுகிறது. எந்த நரம்பானாலும் ஒரு நரம்பு வந்து பொருந்திவிட்டால் தசை மீண்டும் பருத்து முறுக்கேறும். நடுவில் உறுதியாக நிற்கும் அந்த நாணிடம் எதிர்ப்புறத்து நல்ல நாண் வந்து மோதி அதிர்கிறது. குரலுக்கு அதுவே போதும்.

இவ்வுண்மையை வைத்துத்தான் பிலடெல்பியா நகரத்து சார்லஸ் ஃபிரேசியர் 1924-இல் வேறொரு வழி காட்டினார். கழுத்தின் முன்புறத்துப் பட்டைத் தசைகளுக்குச் செல்லும் கழுத்து வளைய நரம்பு என்று ஒன்றுண்டு. அதனை எடுத்துவிட்டாலும் உடலுக்குப் பெருங்குறை நேர்வதில்லை. அந்த நரம்பை வெட்டித் திருப்பி, பழுதுபட்ட குரல் நரம்பின் மேல்முனையோடு அவர் இணைத்தார். நல்ல யோசனையாயினும் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1986-இல் அமெரிக்காவில் ரோஜர் கிரம்லி அதனைப் புதுப்பித்தார். ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையைச் சேர்ந்த அகிரா மியாவுச்சி ஒரு படி மேலே சென்றார். புற்றுநோய் நரம்பைப் பற்றியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டியே தீரவேண்டும். அப்போதே, அதே மேசையிலேயே, இந்த இணைப்பைச் செய்துவிடுவது அவர் முறை. அவ்வாறு செய்துகொண்டோரின் 'ஆ' என்னும் ஓசை நலமுடையோர் நீளத்தை ஒட்டி வந்ததை 2009-இல் வெளியிட்டார். இரண்டாம் அறுவையும் நோயாளிக்கு மிச்சம்.

முதல் அறுவையில் செய்யாமற் போனாலும் பின்னர்ச் செய்யலாம். நுண்ணோக்கியின் கீழ், மயிரினும் மெல்லிய நூலால், இரண்டு மூன்று தையல் போட்டு நரம்புகளை இணைப்பர். நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். ஆதலால் குரல் மறுநாளே வந்துவிடாது. மூன்றாம் திங்கள் முதல் ஆறாம் திங்களுக்குள் தெளிவு தோன்றும். ஓராண்டு வரையிலும் அது வளரும். இதனை அறியாதவர் இரண்டாம் திங்களிலேயே 'அறுவை தோற்றது' என்று மனம் உடைந்துபோவர். எப்போது செய்வது என்பதும் முதன்மையான வினா. நரம்பின்றி நெடுங்காலம் கிடந்த தசை நார்ப்பற்றிப் பயனற்றதாகும். ஓராண்டுக்குள் செய்தல் சிறப்பு. பின்னரும் சிலர்க்குப் பயன்பட்டதுண்டு எனினும், நாள் செல்லச் செல்ல வாய்ப்புக் குறையும். நம்மவர் பொறுமை இங்குத்தான் கேடாக முடிகிறது. 'அடுத்த கொளுந்துக் காலம் முடியட்டும்', 'பெண்ணின் கல்யாணம் முடியட்டும்' என்று தள்ளிப்போடுவதற்குள் இரண்டாண்டு ஓடிவிடுகிறது.

எல்லார்க்கும் இதுவே ஏற்றது என்றும் நாம் சொல்லவில்லை. ஜப்பானியர் இஷிகி 1974-இல் வகுத்த வேறொரு முறையுண்டு. குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு சன்னல் திறந்து, ஒரு துண்டை வைத்து நாணை நடுவுக்குத் தள்ளுவது அது. பயன் உடனே தெரியும். நோயாளி விழித்திருக்க, அவரைப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டே அளவைச் சரிசெய்யலாம். அமெரிக்காவில் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதில் 24 பேரே இருந்தனர். 52 வயதுக்குட்பட்டோர்க்கு நரம்பு இணைப்பும், அவ்வயதைக் கடந்தோர்க்கு நாணைத் தள்ளும் முறையும் மேலான பயன் தந்தன. சிறு ஆய்வு ஆதலின் அதனையே விதியாகக் கொள்ளலாகாது. எனினும் உழைக்கும் வயதுப் பெண்கள் தைராய்டு அறுவைக்கு மிகுதியாக ஆளாகும் நம் குடும்பங்களுக்கு, இளையோர்க்கு நரம்பு இணைப்பு நல்லது என்னும் செய்தி பொருளுடையதே.

எங்கே போவது? குரல் நாணைப் பார்ப்பதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டு எல்லையினர்க்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பாலக்காட்டு அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. மலையினர்க்குக் கிழக்கே இறங்கினால் தேனி, மதுரை. மேற்கே இறங்கினால் கோட்டயம். நரம்பு இணைப்போ அதில் பயின்றவர் கையில் மட்டுமே நடக்கக்கூடியது. ஆதலால் நாணைப் பார்த்த மருத்துவரையே, குரல் அறுவையில் தேர்ந்தவர் எங்குள்ளார் என்று கேட்டு, அவரிடம் கடிதம் வாங்கிச் செல்லுதல் முறை. சுரப்பி அறுவைக்கெனத் தனித்துறை வைத்துள்ள சென்னை மருத்துவக் கல்லூரியும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் நம்மவர் பலர் அறிந்தவையே.

செலவுக்கு அரசுக் காப்பீடு உண்டு. அதில் எல்லைக்கோடு குறுக்கிடும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டிற்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வேண்டும். கேரளக் காருண்யத் திட்டத்திற்கு அந்த மாநிலத்துப் பதிவு வேண்டும். 1956-இல் மாநில எல்லை வகுத்தபோது மலையின் இப்புறம் நின்றுவிட்ட குடும்பங்கள், உறவு அப்புறமும் அட்டை இப்புறமுமாக வாழ்வதை நாம் அறிவோம். மருத்துவமனையில் சேர்வதற்கு முன்னரே, எந்த அட்டை செல்லும், இந்த அறுவை திட்டத்தின் பட்டியலில் உண்டா என்று காப்பீட்டு மேசையில் கேட்டு உறுதி செய்துகொள்க. முதல் அறுவையின் குறிப்புத் தாளையும், திசு ஆய்வுத் தாளையும் தவறாது உடன் கொண்டு செல்க. நரம்பு கண்ணுக்குப் புலப்பட்டதா, காக்கப்பட்டதா என்னும் குறிப்பு அதில்தான் இருக்கும். லயத்து வீட்டில் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தத் தாள், புதிய மருத்துவர்க்குப் பத்துப் பரிசோதனைக்குச் சமம்.

மொழியிலும் ஓர் எச்சரிக்கை. கேரள மருத்துவமனையில் நம்மவர் 'தொண்டை கட்டிவிட்டது' என்பர்; டாக்டர் சளி என்று கொண்டு மருந்து எழுதிவிடுவார். 'ஒச்சயடப்பு' என்று மலையாளத்தில் சொல்லி, தைராய்டு அறுவைக்குப் பின் வந்தது என்பதையும், எத்தனை வாரமாயிற்று என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுக. குரல் எழாதவர்க்கு அயல்மொழியில் விளக்குவது இருமடங்கு துன்பம். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தலும் நன்று. பேச ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் வேண்டும்; ஆனால் உடன் வந்தவரே எல்லாம் பேசிவிட்டால், கெட்ட குரலை டாக்டர் கேட்கவே மாட்டார்.

இன்னும் அறுவை செய்துகொள்ளாது காத்திருப்போர், முன்கூட்டியே டாக்டரிடம் கேட்கத்தக்கவை சில உள. அறுவைக்கு முன் குரல் நாணைப் பார்ப்பீர்களா? அறுவையில் நரம்பைக் கண்டு காப்பது உங்கள் வழக்கமா? வெட்டுப்பட நேர்ந்தால் அப்போதே இணைக்க ஆள் உண்டா? நல்ல மருத்துவர் இவ்வினாக்களுக்குச் சினவார். முன்னமே பார்த்து வைத்தல் ஏன் என்றால், கட்டியே நரம்பை அழுத்தி நாண் அசையாதிருப்பதும் உண்டு. அது தெரியாவிடில் பின்னர்ப் பழி அறுவையின் மேல் விழும்.

தைராய்டு அறுவைக்குப் பின் சிலர்க்கு உதட்டோரமும் விரல் நுனியும் மரத்துப்போவதுண்டு. அது குரல் நரம்பின் வேலையன்று. சுரப்பியின் பின்புறத்தில் ஒட்டியுள்ள நான்கு சிறு சுரப்பிகளின் செய்தி. அடுத்த திங்கள் அதனை எழுதுவோம்.